காலணாவில் களிம்பு

எங்கள் வீட்டில் பர்மாவை ஆண்ட மின்டோன் மன்னர் காலத்துச் செப்புக் காசு ஒன்று இருந்தது. மயில் பொறித்தது, பர்மிய ஆண்டு 1227, நமக்கு 1865. காப்பிக்கொட்டை நிறம், ஓரத்தில் மட்டும் கரும்பச்சை, மயிலின் தோகையில் ஒவ்வொரு கண்ணும் எண்ணிவிடலாம். பதினாறு வயதில் அதைப் பளபளப்பாக்கிப் பார்க்கும் ஆசை எனக்கு வந்தது. அப்பத்தா குத்துவிளக்கு துலக்கக் கரைத்து வைத்திருந்த புளியில் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டேன். காசை அதில் ஊறவைத்துத் தேங்காய் நாரால் தேய்த்தேன். ஐந்தே நிமிடம். பச்சை போனது, கூடவே காப்பிக்கொட்டை நிறமும், தோகைக் கண்களில் பாதியும் போயின. மிஞ்சியது எலிக்குஞ்சு நிறத்தில் ஒரு வட்டத் தகடு. அடுத்த மழைக்காலத்தில் அந்தத் தகட்டின் மேல் அரிசிமாவு தூவியது போல வெளிர்பச்சைப் பொடி பூத்தது. துடைத்தேன். மறுபடியும் பூத்தது.

இங்கே யாங்கோனில் (பழைய ரங்கூன்) பழங்காசு சேர்க்கத் தொடங்குகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "இந்தப் பச்சையை எப்படி எடுப்பது?" என்பதைத்தான். எந்தப் பச்சை என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலானவர்களுக்கு அந்தக் கேள்வி புதிதாக இருக்கும். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எந்தப் பச்சை?

உயிரோடு ஆணவ மலம் ஒட்டியிருப்பதற்குச் சைவ சித்தாந்திகள் சொல்லும் உவமை செம்பில் களிம்பு. வெளியிலிருந்து வந்தது அல்ல, கூடவே இருப்பது என்பது அதன் கருத்து. காசு சேர்ப்பவருக்கும் அந்த உவமை பொருந்தும். களிம்பு என்பது செம்பின் மேல் வந்து ஒட்டிய அழுக்கு அல்ல. செம்பே காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்து உருமாறியது. காசின் மேல்தோல் களிம்பாக மாறும்போது அந்தத் தோலில் இருந்த எழுத்தும் உருவமும் களிம்புக்குள் போய்விடுகின்றன. களிம்பைக் கரைத்தால் எழுத்தும் கரையும். புளி செய்வது இதைத்தான்.

பச்சையில் நான்கு வகை உண்டு.

முதல் வகை, கெட்டியான பச்சை. நகத்தால் கீறினால் வராது, கண்ணாடி போல மழமழவென்றிருக்கும். அடியில் செம்பழுப்பு அடுக்கும், அதற்கும் அடியில் செம்பும் இருக்கும். இது செம்பு கார்பனேட். மலாக்கைட் என்ற பச்சைக் கல்லும் இதே பொருள்தான். இது காசுக்குத் தோல். இதைத் தொட வேண்டாம். சேகரிப்பவர்கள் இதற்குக் கூடுதல் விலையே கொடுப்பார்கள்.

இரண்டாவது, எண்ணெய்ப் பிசுக்குப் பச்சை. நம் வீட்டுக் காசுகளில் அதிகம் காணப்படுவது இதுதான். நேர்த்திக்கடனுக்காக மஞ்சள் துணியில் முடிந்து வைத்த காசு, சாமி மாடத்தில் எண்ணெய் வழியும் விளக்கடியில் கிடந்த காசு, உண்டியல் காசு எல்லாவற்றிலும் இது இருக்கும். எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலம் செம்போடு சேர்ந்து சோப்பு போன்ற மெழுகுப் பச்சையாகிவிடுகிறது. குச்சியால் தொட்டால் களிம்பு மருந்து போல வழித்துக்கொண்டு வரும். எடுப்பதற்கு எளிது.

மூன்றாவது, பிளாஸ்டிக் பச்சை. மலிவான காசு ஆல்பங்களின் மெல்லிய, வளைகிற தாள்கள் பி.வி.சி. பிளாஸ்டிக்கால் ஆனவை. நம் ஊர் வெப்பத்தில் அது மெல்லச் சிதைந்து அமிலத்தைக் கக்கும். காசின் மேல் பளபளக்கும் பச்சைக் கறை ஒட்டும் பிசினாகப் படியும். ஆல்பத்தைத் திறந்ததும் புதிய மழைக்கோட்டின் வாடை அடித்தால் ஐயமே வேண்டாம்.

நான்காவதுதான் வில்லன். வெளிர்பச்சைப் பொடி. புள்ளி புள்ளியாக வரும், ஊசியால் தொட்டால் உதிரும், உதிர்ந்த இடத்தில் குழி தெரியும். ஆங்கிலத்தில் இதற்கு வெண்கல நோய் என்று பேர். தனிச் செம்புக்கும் வரும். உப்பிலுள்ள குளோரைடு செம்புக்குள் புகுந்து, வெளிறிய மெழுகு போன்ற செம்பு குளோரைடாகப் பதுங்கியிருக்கும். ஈரமும் காற்றும் கிடைத்தால் அது பச்சைப் பொடியாக மாறும். மாறும்போது கொஞ்சம் அமிலத்தை விடும். அந்த அமிலம் அடியிலுள்ள நல்ல செம்பைத் தின்று மறுபடியும் குளோரைடு ஆகும். தின்னத் தின்னப் பசிக்கும் வயிறு இது. காற்றின் ஈரப்பதம் 45 விழுக்காட்டைத் தாண்டினாலே போதும், வேலையைத் தொடங்கிவிடும். யாங்கோனில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஆடி மாதத்தில் சுவரே வியர்க்கும். என் மயில் காசுக்கு வந்ததும் இந்த நோய்தான். குளோரைடை நான்தான் உப்பு வடிவில் ஒரு கை அள்ளிப் போட்டிருந்தேன்.

மண்ணில் கிடந்த காசு என்றால் நான்காவது வகையை எதிர்பார்த்தே தொடங்குங்கள். 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்ததும் நம்மவர்கள் கையில் எடுக்க முடியாததைப் புதைத்துவிட்டு இந்தியாவுக்கு நடந்தே கிளம்பினார்கள் அல்லவா, அப்படிப் புதைத்த செம்புகளும் டப்பாக்களும் இன்றும் வீடு இடிக்கும்போது வெளிவருகின்றன. மோல்மேன் போன்ற கழிமுக ஊர்களில் ஆற்றுச் சேற்றிலிருந்து வருகிற காசும் அப்படித்தான்; கடலுப்பு ஏறியிருக்கும்.

ஐந்தாவதாக ஒன்றையும் சொல்ல வேண்டும், அது பூச்சுப் பச்சை. மயில் காசுக்குப் போலி நிறைய உண்டு. புதிதாக வார்த்துப் பச்சைச் சாயத்தையோ வேதிப்பொருளையோ பூசிப் பழசு போலக் காட்டுவார்கள். அசிட்டோனில் நனைத்த பஞ்சால் துடைத்தால் சாயப்பூச்சு பஞ்சில் ஏறிவிடும். நானும் ஒரு கடையில் ஏமாந்து வாங்கி, இப்படித் துடைத்துத்தான் கண்டுபிடித்தேன். எந்தக் கடை என்பது இப்போது எதற்கு.

ஈரப் பெட்டிச் சோதனை

பச்சை உயிரோடிருக்கிறதா, உறங்குகிறதா என்று கண்ணால் மட்டும் சொல்ல முடியாத காசுகள் உண்டு. அவற்றுக்கு ஒரு சோதனை. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவின் ஒரு மூலையில் நன்றாக நனைத்த பஞ்சு வையுங்கள். காசைப் பஞ்சு தொடாமல், ஒரு பாட்டில் மூடியின் மேல் ஏற்றி வையுங்கள். டப்பாவை மூடி ஒரு நாள், அல்லது இரண்டு நாள் விடுங்கள். புதிதாக வெளிர்பச்சைப் புள்ளி பூத்திருந்தால் நோய் இருக்கிறது. ஒன்றும் மாறவில்லை என்றால், பெரும்பாலும் உங்கள் காசு நலம். சோதனை முடிந்ததும் காசை உடனே உலர்த்திவிடுங்கள்.

எந்தக் காசில் கை வைப்பது?

முதல் காசு விலையில்லாக் காசாக இருக்கட்டும். நான் புதியவர்களுக்குக் கொடுப்பது ஓட்டைக் காலணா. 1943 முதல் 1947 வரை பிரிட்டிஷ் இந்தியாவில் அடித்த, நடுவில் துளையுள்ள வெண்கலக் காசு. ஏராளமாகக் கிடைக்கும், கெட்டுப்போனாலும் மனம் வலிக்காது. அதற்கடுத்து விக்டோரியா, எட்வர்டு, ஜார்ஜ் தலை போட்ட காலணாக்கள். பர்மா 1937 வரை இந்தியாவோடு சேர்ந்திருந்ததால் அந்தக் காசுகள் இங்கே பழைய வீடுகளில் தகர டப்பா தகர டப்பாவாகக் கிடக்கின்றன.

இடையில் ஒரு சிறு செய்தி. 1906-க்கு முந்தைய காலணா தனிச் செம்பு, எடை ஏறக்குறைய ஆறரை கிராம். 1906-இல் வெண்கலத்துக்கு மாறினார்கள், எடை ஐந்து கிராமுக்குக் கீழே இறங்கிவிட்டது. அந்த ஓர் ஆண்டில் இரண்டும் உண்டு. நகைப் பத்தரின் தராசில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சுத்தம் செய்யும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான்.

மின்டோன் ஈயத்திலும் காசு அடித்தார், முயல் பொறித்தது. இங்கே சொல்லும் எந்த வழியும் ஈயத்துக்குப் பொருந்தாது. அதைக் கண்ணால் மட்டும் பாருங்கள். அரிய காசு, விலைபோகும் காசு, அல்லது இன்னதென்று உங்களுக்கே தெரியாத காசு கையிலிருந்தால் அதையும் அப்படியே உலர்ந்த டப்பாவில் வைத்துவிட்டு, தெரிந்தவரிடம் காட்டுங்கள். துலக்கிய காசைச் சேகரிப்பவர் ஒரு பார்வையில் கண்டுகொள்வார். விலை பாதிக்கும் கீழே போகும்.

கையில் வேண்டியவை

காய்ச்சி வடித்த தண்ணீர் முதலில். மின்வெட்டின் புண்ணியத்தில் இங்கே வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கிறது, அதற்கு ஊற்றும் பேட்டரித் தண்ணீர் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும். அதுவே போதும். ஆனால் பக்கத்துப் பாட்டிலில் பேட்டரி அமிலமும் விற்பார்கள். முகப்பைப் படித்து வாங்குங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதில் குளோரின் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரில் உப்பு இருக்கிறது.

பெயின்ட் கடையில் அசிட்டோன். நகப்பூச்சு நீக்கும் திரவத்தில் எண்ணெயும் வாசனையும் கலந்திருப்பதால் அது உதவாது. மருந்துக் கடையில் மலச்சிக்கலுக்குத் தரும் லிக்விட் பாரஃபின் ஒரு பாட்டில். சத்தே (கம்பியில் கோப்பது போல இறைச்சியைக் கோத்துச் சுடுவது) கம்பு போன்ற மூங்கில் குச்சிகள் பத்து. மென்மையான பல் பிரஷ், குழந்தைகளுக்கானது. கடிகாரம் பழுது பார்ப்பவர் கண்ணில் செருகும் லென்ஸ். கிடைக்காவிட்டால் நல்ல பூதக்கண்ணாடி. கண்ணாடிக் குப்பிகள், பஞ்சு, ரப்பர் கையுறை. கடைசியாகச் சிலிக்கா ஜெல். மருந்துப் பாட்டில்களிலும் செருப்புப் பெட்டிகளிலும் வருகிற சிறு பொட்டலங்களைத் தூக்கி எறியாமல் சேர்த்து வையுங்கள்.

நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ போதாதா என்று கேட்பார்கள். போதாது. அவை நாள்பட்டால் சிக்கு வாடை அடித்துப் புளிக்கும், புளித்த எண்ணெய் செம்பைத் தின்னும். நாம் எடுக்க வந்த இரண்டாம் வகைப் பச்சையை நாமே உண்டாக்கியதாகிவிடும். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் ஆலிவ் எண்ணெயைப் புகழ்வார்கள். அதிலும் அமிலம் உண்டு, காசையும் கறுக்கடிக்கும். பாரஃபினில் அமிலம் இல்லை. மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் கெடுக்காது.

வேலை

சுத்தம் செய்யும் எந்தக் காசுக்கும் தொடக்கம் ஒன்றே. காசை விளிம்பில் பிடித்து, பேட்டரித் தண்ணீர் ஊற்றிய குப்பியில் போட்டு ஒரு நாள் விடுங்கள். விரல் வியர்வையிலும் உப்பு இருக்கிறது, ஆகையால் முகத்தைத் தொடாதீர்கள். ஒரு குப்பியில் ஒரு காசு. மறுநாள் தண்ணீரை மாற்றுங்கள். மண்ணெடுத்த காசு என்றால் ஒரு வாரம் நாள்தோறும் மாற்றுங்கள். தண்ணீர் கலங்குவது நின்றதும் பிரஷால் லேசாக ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

அடுத்தது அசிட்டோன். எண்ணெய்ப் பச்சைக்கும் பிளாஸ்டிக் பச்சைக்கும் இதுதான் மருந்து. மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் காசு மூழ்க ஊற்றி ஓரிரவு விடுங்கள். காலையில் எடுத்துப் பஞ்சால் உருட்டித் துடைத்தால் பச்சை, மஞ்சள், குங்குமம் என்று முப்பது ஆண்டுப் பூசை முழுவதும் பஞ்சில் வந்து நிற்கும். இரண்டு முறை செய்தால் பெரும்பாலும் முடிந்துவிடும். அசிட்டோன் உலோகத்தைத் தொடாது, கெட்டிப் பச்சையையும் தொடாது.

ஓர் எச்சரிக்கை. அசிட்டோனின் ஆவி பெட்ரோலைப் போலத் தீப்பிடிக்கும். அடுப்பங்கரை வேண்டாம், சாமி விளக்கின் அருகே வேண்டாம். மின்சாரம் போனதும் கை தானாக மெழுகுவர்த்தியைத் தேடுமே, அந்தப் பழக்கத்துக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். பகலில், சன்னலைத் திறந்து வைத்து, கையுறை போட்டுச் செய்யுங்கள்.

எழுத்துகளின் மேல் மேடாகத் திரண்டிருக்கும் பச்சைக் கட்டிக்கு அசிட்டோன் போதாது. காசை உலர்த்திவிட்டு, பாரஃபினில் மூழ்க வையுங்கள். இரண்டு வாரம் மறந்துவிடுங்கள். பிறகுதான் மூங்கில் குச்சி.

இந்த வேலையை அருகிலிருந்து காட்ட வேண்டும். எழுத்தில் முடிந்தவரை சொல்கிறேன். குச்சி முனையைப் பிளேடால் உளி போலச் சாய்வாகச் சீவுங்கள். காசின் அடியில் மடித்த துணி. லென்ஸ் கண்ணில். 1862-ஆம் ஆண்டுக் காலணா ஒன்று, விக்டோரியா குயின் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். அதில் "குயின்" முழுவதும் பச்சைக் கட்டிக்குள் புதைந்திருந்தது. கட்டியின் நடுவில் குத்தக்கூடாது. கட்டி காசைத் தொடும் விளிம்பில் குச்சியின் சாய்ந்த முனையை வைத்து, சாவியைத் திருப்புவது போலச் சற்றே திருப்ப வேண்டும். அழுத்தம் விரலில், தோளில் அல்ல. எண்ணெய் ஊறிய கட்டி விளிம்பில் மெல்லிய விரிசல் விடும். அங்கே ஒரு சொட்டு பாரஃபின். மறுபடி திருப்பு. கடுகில் கால்பங்கு அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்து வரும். பஞ்சால் எடுத்துவிட்டு அடியில் என்ன நிறம் என்று பாருங்கள். சாக்லேட்டுப் பழுப்போ செங்கல் சிவப்போ தெரிந்தால் அங்கே நின்றுவிடுங்கள்: அதுதான் காசின் உண்மையான முகம், எழுத்து அந்த அடுக்கில்தான் இருக்கிறது. புதுச்செம்பின் இளஞ்சிவப்பு தெரிந்துவிட்டால் நீங்கள் முகத்தையும் தாண்டிச் சதைக்குள் போய்விட்டீர்கள். அந்த "குயின்" வெளியே வர எனக்கு ஐந்து மாலைகள் பிடித்தன. ஒரு மாலைக்கு ஓர் எழுத்து.

குச்சி மழுங்கும், மழுங்க மழுங்கச் சீவிக்கொள்ளுங்கள். ஊசி, பிளேடு, எஃகு பிரஷ் வேண்டாம். மூங்கில் செம்பைவிட மென்மை, அதனால்தான் மூங்கில். வாரம் ஒரு மாலை இப்படிச் செய்து மீதி நாளில் காசைப் பாரஃபினிலேயே விடுங்கள். தேங்கி நிற்கும் கட்டி ஒன்றிரண்டு மிச்சமிருந்தால் இருக்கட்டும்.

முடிந்ததும் அசிட்டோனில் இரண்டு முறை முக்கி எண்ணெயைப் போக்குங்கள். பிறகு உலர்த்துதல். மேசை விளக்கின் கீழே, கை பொறுக்கும் சூட்டில், மூன்று நான்கு மணி நேரம். வெயிலில் வைத்தால் காய்ந்துவிடாதா என்றால், பங்குனி வெயிலில் காயும், ஆவணி வெயிலில் காயாது. சூடேறினாலும் காற்றில் ஈரம் இருக்கிறதே. முடிந்தால் இந்த வேலை முழுவதையும் கார்த்திகையில் தொடங்கி மாசிக்குள் முடித்துவிடுங்கள். பர்மியப் புத்தாண்டின் தண்ணீர்த் திருவிழா வருகிறது என்றால் கடையைக் கட்டும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

நோய் பிடித்த காசு

வெளிர்பச்சைப் பொடியைக் கண்டது மழைக்காலம் என்றால் சிகிச்சையை அப்போதே தொடங்க வேண்டாம். பொடியைக் குச்சியால் தட்டிவிட்டு, அசிட்டோனில் முக்கி, விளக்கடியில் உலர்த்தி, சிலிக்கா ஜெல் நிறைந்த இறுக்கமான டப்பாவில் அடையுங்கள். ஈரம் இல்லாவிட்டால் நோய் உறங்கும். குளிர்காலம் வரை உறங்கட்டும். இது தொற்று நோய் அல்ல. ஆனாலும் உதிர்ந்த பொடியில் குளோரைடு இருப்பதால் மற்ற காசுகளோடு சேர்க்காமல் தனியே வையுங்கள்.

சிகிச்சைக்கு வேண்டியது சலவைச் சோடாவும் ஆப்பச் சோடாவும் கலந்த கரைசல். அருங்காட்சியகங்களில் நெடுங்காலமாகப் பழகிய முறை இது. ஒரு லிட்டர் பேட்டரித் தண்ணீருக்கு நீரற்ற சலவைச் சோடாத் தூள் 24 கிராம், ஆப்பச் சோடா 19 கிராம். சலவைச் சோடா பளிங்குக் கட்டியாக இருந்தால் அதில் பெருமளவு தண்ணீர் அடங்கியிருக்கும், எனவே 65 கிராம் போட வேண்டும். வாசனைபோட்ட சலவைத் தூள் எதுவும் கூடாது.

சுத்தமான சலவைச் சோடா கிடைக்கவில்லையா? ஆப்பச் சோடாவிலிருந்தே செய்துகொள்ளலாம். எவர்சில்வர் சட்டியில் 38 கிராம் ஆப்பச் சோடாவைப் போட்டு நல்ல சூட்டில் வறுங்கள். முதலில் பால் பொங்குவது போலச் சலசலவென்று அசையும். கரியமில வாயுவும் நீராவியும் வெளியேறுகின்றன. அசைவு அடங்கியதும் எடை போட்டுப் பாருங்கள். 24 கிராமுக்கு இறங்கியிருந்தால் எல்லாம் சலவைச் சோடாவாகிவிட்டது. இறங்கவில்லை என்றால் இன்னும் வறுக்க வேண்டும். அலுமினியச் சட்டி மட்டும் வேண்டாம், சோடா அதை அரிக்கும். வறுத்த தூள் கையைக் காந்தும், கண்ணில் படக்கூடாது.

காசைக் கரைசலில் போட்டு மூடி வையுங்கள். முதல் மாதம் வாரம் ஒரு முறை கரைசலை மாற்றுங்கள், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. உள்ளே பதுங்கியிருக்கும் குளோரைடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைசலுக்குள் வரும். எத்தனை நாள் என்றால், எனக்குக் குறைந்தது ஆறு வாரம், அதிகபட்சம் ஐந்து மாதம் ஆகியிருக்கிறது. கரைசல் லேசாக நீலம் பாரித்தால் கொஞ்சம் நல்ல பச்சையும் கரைகிறது என்று அறியுங்கள். அது இந்த வைத்தியத்துக்குக் கொடுக்கும் விலை. காசின் மேலும் நீலச்சாயல் ஏறலாம். நிறம் சற்று மாறிய காசு வேண்டுமா, குழி விழுந்து கரையும் காசு வேண்டுமா என்பதுதான் இங்கே கேள்வி.

பிறகு ஒரு வாரம் வெறும் பேட்டரித் தண்ணீர், நாள்தோறும் மாற்றி. அசிட்டோன் முக்கு, விளக்குச் சூடு. அதன்பின் ஈரப் பெட்டிச் சோதனை. புள்ளி வந்தால் மறுபடியும் கரைசலுக்குப் போக வேண்டியதுதான். அலுப்பாக இருக்கும், என்ன செய்ய?

அருங்காட்சியகக்காரர்கள் இதற்குமேல் பென்சோட்ரையசோல் என்ற வேதிப்பொருளையும் பூசுவார்கள். வீட்டில் வேண்டாம், அது உடலுக்கு நல்லதல்ல.

வினிகர், எலுமிச்சை, கோலா பானம், பல்பொடி, திருநீறு, பித்தளை பாலிஷ்: இவற்றைப் பற்றிக் கேட்காதீர்கள். முதல் மூன்றும் புளியின் பங்காளிகள், மற்றவை உப்புத்தாளின் பங்காளிகள். பாத்திரத்துக்குப் புளி நல்லது, ஏனென்றால் பாத்திரத்தில் தேய்ந்துபோக எழுத்து ஏதும் இல்லை.

வைக்கும் இடம்

பாதிக் காசுகள் கெடுவது துலக்குவதால், மீதிப் பாதி வைத்த இடத்தால். தேக்குப் பெட்டி நம் ஊருக்குப் பெருமைதான், ஆனால் மரம் மெல்லிய அமில ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும், தேக்கும் மரம்தான். அட்டை, ரப்பர் வளையம், செய்தித்தாள் எதுவும் வேண்டாம். பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 3 என்றால் அது பி.வி.சி., தள்ளிவிடுங்கள். 2, 5 நல்லவை. உள்ளே சிலிக்கா ஜெல். நிறம் மாறும் வகை கிடைத்தால் நல்லது: நீல மணி இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்து நிறைந்துவிட்டது என்று பொருள். சட்டியில் மிதமான சூட்டில் வறுத்தால் மறுபடியும் நீலமாகும். செருப்புப் பெட்டிப் பொட்டலங்களின் மணி பெரும்பாலும் நிறம் காட்டாது. அவற்றை மாதம் ஒரு முறை பிரித்துக் கொட்டி வறுத்துவிடுங்கள். டப்பாவில் பச்சரிசி போட்டால் போதும் என்பார்கள். அரிசி தானே ஈரம் பிடித்த பண்டம், தூசியும் விடும்.

ஒவ்வொரு காசோடும் ஒரு சீட்டு: எங்கே கிடைத்தது, என்ன செய்தீர்கள், எந்தத் தேதி. பென்சிலால் எழுதுங்கள், பேனா மை கசியும். வைகாசியில் மழை தொடங்கும்முன் ஒரு முறை, ஐப்பசியில் மழை விட்டதும் ஒரு முறை டப்பாவைத் திறந்து லென்ஸால் பாருங்கள். மழை நடுவில் திறக்காதீர்கள்.

என் மயில் காசு இரண்டு முறை சோடாவில் கிடந்தது, மொத்தம் ஒன்பது மாதம். சென்ற ஐப்பசியில் திறந்தபோது பொடி இல்லை. எலிக்குஞ்சு நிறம் மங்கி, சோடா கொடுத்த நீலச்சாயலோடு ஒரு மாதிரியான சாம்பல் பழுப்பில் இருக்கிறது. தோகையில் ஏழு கண்கள் மட்டும் தெரிகின்றன.